பிழையான இடத்தில நேர்ந்த முடி

எனக்கு ஐம்பத்தெட்டு வயசு. இந்த வயசிலயும் பின்னல் இடுப்புக்குக் கீழ தொங்குது. அது எனக்குச் சரியான பெருமை, ஒளிக்க மாட்டன். அந்த முடியைக் கடவுளுக்கு நேர்ந்தது பிழையில்லை. எங்கட சனம் காலம் காலமாச் செய்யிறது தான். நேர்ந்த இடம் தான் பிழை. ஊருலகத்தில எத்தனையோ கோவில் இருக்க, நான் போயும் போயும் கனடாவில, ஸ்காபரோவில ஒரு சீக்கியக் குர்த்வாராவுக்குள்ள முழங்காலில இருந்து, "இவருக்கு ஒரு கிட்னி கிடைக்கட்டும், நான் மொட்டை அடிக்கிறன்" எண்டு வாக்குக் குடுத்திட்டன். பிறந்த நாளில இருந்து சாகும் வரைக்கும் தலைமயிரில கத்திரிக்கோல் படவிடாத சனம் அது. சைவக் கடையில போய் இருந்து மாட்டிறைச்சிக் கறி கேட்ட மாதிரி.

இவர் எண்டால் என்ர மனுசன். ரெண்டு கிட்னியும் பழுதாகி மூண்டு வருசம். திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். ஒவ்வொரு தரமும் நாலு மணித்தியாலம் மெசினோட படுத்திருந்து இரத்தத்தைக் கழுவிக்கொண்டு வரவேணும். எனக்குச் சீனி வருத்தம், அதால என்ர கிட்னி வேண்டாம் எண்டிட்டினம். அஜக்ஸில இருக்கிற மகள் தன்ரயைத் தாறன் எண்டு ஒற்றைக் காலில நிண்டாள். டெஸ்ட் பண்ணிப் பார்த்திட்டு அதுவும் பொருந்தாது எண்டிட்டினம். மிஞ்சினது வெயிட்டிங் லிஸ்ட் தான். எங்கயோ ஆரோ செத்து, அவையின்ர கிட்னி பொருந்தினால் எங்களுக்குப் போன் கோல் வரும். எப்ப வரும் எண்டு கேட்டால் டொக்டர்மார் தோளைத் தூக்குவினம்.

நான் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கச்சி. நேர்த்தி வைக்காமல் எனக்கு ஒரு காரியமும் செய்ய ஏலாது. மகளின்ர சோதனைக்கு நேர்த்தி, கார் ஓட லைசென்ஸ் எடுக்க நேர்த்தி, பேஸ்மென்டுக்குள்ள தண்ணி வராமல் இருக்க நேர்த்தி. கண் வருத்தமெண்டால் வெள்ளியில கண், கால் வருத்தமெண்டால் வெள்ளியில கால் செய்து அந்தோனியாருக்குக் குடுக்கிறது எங்கட வழக்கம். அப்ப கிட்னிக்கு? நகைக்கடைக்குப் போய், வெள்ளியில ஒரு கிட்னி செய்து தாங்கோ எண்டன். கடைக்கார அண்ணை கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கொண்டு, "அக்கா, உது என்ன வடிவில இருக்கும்?" எண்டார். போனில படம் காட்டினன். ரெண்டு கிழமையால போனால், அச்சொட்டா ஒரு கஜு, முந்திரிப்பருப்பு. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. இவர் அதை உள்ளங்கையில வைச்சு உருட்டிப் பார்த்தார். "இஞ்சேரும், அந்தோனியார் இதைக் கண்டால் எனக்குப் பாயாசம் தான் அனுப்புவார்."

அந்தக் கஜுவை நான் குடுக்கேல்லை. கிட்னி வரட்டும், பிறகு குடுப்பம் எண்டு கைப்பைக்குள்ள போட்டு வைச்சன். கடவுளோட எண்டாலும் ஒரு கவனம் வேணும் தானே.

இவரின்ர மெசினுக்குப் பக்கத்து மெசினில ஒரு சீக்கியர். ட்ரக் ஓடி ரிட்டயர் ஆனவர். தலைப்பாகையோட படுத்தால் தலையணையே தேவையில்லை எண்டு நேர்ஸ்மாரோட பகிடி விடுவார். இவர் அவரைப் "பாஜி" எண்டு கூப்பிடுவார். பாஜி எண்டால் அவையின்ர பாஷையில அண்ணை. பாஜி நாலு வருசமா லிஸ்டில இருந்தவர். இரத்த வகையும் இவரின்ரதே தான். அவரின்ர மனுசியை நான் "பெஹன்ஜி" எண்டுவன், அதாவது சகோதரி. அவ என்னை "அக்கா" எண்டுவா. எங்களில ஆர் மூப்பு எண்டு இண்டைக்கு வரைக்கும் தெரியாது, கேட்டால் ரெண்டு பேரும் வயசைக் குறைச்சுத் தான் சொல்லுவம். கதைக்கிறது இங்கிலீஸ். என்ரயும் நொண்டி, அவவின்ரயும் நொண்டி. ரெண்டும் தோளில கை போட்டுக்கொண்டு ஒரு மாதிரி நடந்திடும்.

ஒரு நாள் கதையோட கதையாப் பார்த்தால் நாங்கள் இருக்கிறது ஒரே பில்டிங். டோர்செட் பார்க் எண்ட பகுதியில, நாங்கள் ஒன்பதாம் மாடி, அவை அஞ்சாம் மாடி. அவைக்குப் பிள்ளைகள் இல்லை, காரும் இல்லை. அண்டையில இருந்து நாலு பேரும் என்ர காரில தான் டயாலிசிஸுக்குப் போய் வாறது. பெஹன்ஜிக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாது. ஆனால் பின் சீற்றில இருந்து எனக்குக் கார் ஓடக் காட்டித்தருவா. "அக்கா, லெஃப்ட் பாருங்கோ. அக்கா, சிவப்பு. அக்கா, பஸ்." நான் கண்ணாடிக்குள்ளால முறைப்பன். பாஜி கண்ணை மூடிக்கொண்டு நித்திரை மாதிரிக் கிடப்பார். பாவம், நாற்பது வருசம் ட்ரக் ஓடின மனுசன்.

போன பங்குனியில ஒரு நாள் இவரின்ர கையில ஊசி ஏத்துற நரம்பு அடைச்சுப்போச்சு. மெசின் ஓடேல்லை. ரெண்டு நாள் ஹொஸ்பிற்றலில வைச்சு ஒரு மாதிரி அடைப்பை எடுத்துவிட்டினம். நான் பயந்துபோனன். இந்த மனுசன் போயிடும் எண்டு முதல் தரம் மனசுக்குள்ள விழுந்தது அப்ப தான். என்ர அந்தோனியாரும் காணாது, மாதாவும் காணாது எண்ட மாதிரி இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பெஹன்ஜி, "வாங்கோ அக்கா, உங்கட ஆளுக்கு அர்தாஸ் கேப்பம்" எண்டா. அர்தாஸ் எண்டால் எல்லாரும் எழும்பி நிண்டு கேக்கிற பிரார்த்தனை. ஒரு கதவு அடைச்சால் மற்றக் கதவில தட்டிப் பார்க்கிறது தானே எண்டு போனன்.

சப்பாத்தைக் கழட்டி, தலையை மூடிக்கொண்டு உள்ள போனால் பெரிய மண்டபம். சிலை இல்லை, படம் இல்லை. பட்டு விரிச்சு, அவை குருவாக் கும்பிடுற புனித நூலை வைச்சிருந்தினம். பெஹன்ஜி முன்னால போய் நெற்றி நிலத்தில பட விழுந்து கும்பிட்டா. நானும் விழுந்தன். விழுந்த உடனை என்ர பழைய வாய் சும்மா கிடக்குமோ? முடியை நேர்ந்திட்டுத் தான் எழும்பினன்.

பிறகு அர்தாஸ். கிரந்தி, அதாவது அந்த நூலை வாசிக்கிற பெரியவர், பஞ்சாபியில நீளமாச் சொல்லிக்கொண்டு போனார். ஒண்டும் விளங்கேல்லை. திடீரெண்டு நடுவில இவரின்ர பேர் வந்துது. போத்துக்கீசன் குடுத்திட்டுப் போன நீட்டுப் பேர், பஞ்சாபி வாய்க்குள்ளால வரேக்க பாதி தேய்ஞ்சு போச்சு. எண்டாலும் இவரின்ர பேர் தான். நூறு நூற்றம்பது பேர் தலை குனிஞ்சு நிக்கினம், ஒருத்தருக்கும் இவரைத் தெரியாது.

கீழ லங்கரில, எல்லாருமா நிலத்தில வரிசையா இருந்து சாப்பிடேக்க தான், நேர்த்திக் கதையை அவிட்டன். பெஹன்ஜியின்ர கையில இருந்த ரொட்டி பருப்புக்குள்ள விழுந்தது.

"என்னத்தைக் குடுக்கிறன் எண்டனீங்கள்?"

"முடியை."

"ஆருக்கு?"

"உங்கட கடவுளுக்குத் தான்."

அவ முதலில வாயைப் பொத்தினா. பிறகு ஏலாமல் விழுந்து விழுந்து சிரிச்சா. பக்கத்து மனுசிக்குச் சொன்னா, அவ அங்கால மனுசிக்குச் சொன்னா, வரிசை முழுக்கச் சிரிப்புப் போய்ச் சமையலறை வரைக்கும் சேர்ந்திட்டுது. ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த ஒரு மனுசி மாக் கையோட ஓடி வந்து, என்ர பின்னலைப் பிடிச்சுப் பார்த்து, "ந, ந, ந" எண்டு தலையை ஆட்டினா. எனக்கு ஒரு பக்கம் வெக்கம், மற்றப் பக்கம் கோவம்.

"பகிடி காணும்," எண்டன். "உங்களுக்கு விருப்பமில்லாட்டி வேற ஏதும் குடுக்கிறன். என்ன வேணும் எண்டு சொல்லுங்கோ."

"ஒண்டும் வேண்டாம் அக்கா. முடியும் அவர் தந்தது தானே? ஒருத்தர் தந்த சீலையைத் திருப்பிக் குடுத்து, இன்னொரு சீலை தாங்கோ எண்டு கேப்பியளோ? கேளுங்கோ, கேக்கிறது பிழையில்லை. விலை பேசாதேங்கோ."

"விலை பேசாட்டி எனக்கு உண்மையாத் தேவை எண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியும்."

"தெரியுமெண்டால் பிறகேன் கேக்கிறது?"

"பசிக்குதெண்டு தாய்க்குத் தெரியும். பிள்ளை அழாமல் இருக்குதோ?"

எல்லாத்துக்கும் ஒரு மறுமொழி வைச்சிருப்பா. அவையின்ர பிரார்த்தனை முடியிறதே, உன்ர விருப்பப்படி எல்லாருக்கும் நன்மை வரட்டும் எண்டு தானாம். "ஓடர் ஃபோம் முழுக்க நிரப்பிப்போட்டு, அடியில உங்களுக்குப் பிடிச்சதை அனுப்புங்கோ எண்டு எழுதின மாதிரியெல்லோ கிடக்கு," எண்டன். அவவுக்கு அது நல்லாப் பிடிச்சுப்போச்சு. அதையும் அங்கால மனுசிக்குச் சொன்னா.

"கடவுள் சுகப்படுத்துறவரோ இல்லையோ? அதை ஒழுங்காச் சொல்லுங்கோ," எண்டு நான் விடேல்லை.

"சுகப்படுத்துவார். ஆனால் எது வருத்தம் எண்டு அவர் தான் பார்ப்பார். எங்கட நம்பிக்கையில பெரிய வருத்தம் கிட்னியில இல்லை அக்கா. நான், எனக்கு, என்ர எண்டுறமே, அது தான் பெரிய வருத்தம்."

"அதுக்கும் டயாலிசிஸ் இருக்கோ?"

"இருக்கே," எண்டு கையைக் காட்டினா. அவ காட்டினது பாத்திரம் கழுவுற தொட்டியை. ஒரு மணித்தியாலம் என்னைக் கொண்டு தட்டுக் கழுவுவிச்சா. வீட்டை வந்து இவருக்குச் சொன்னன். "மொட்டந்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறது எண்டு கேள்விப்பட்டிருக்கிறன். நீர் மொட்டந்தலைக்கும் கிட்னிக்கும் எல்லோ போட்டிருக்கிறீர்," எண்டு சொல்லி, இருமல் வரும் வரைக்கும் சிரிச்சார்.

டயாலிசிஸுக்கு வாற சனத்திட்ட ஒரு கறுப்புப் பகிடி இருக்கு. லோங் வீக்கென்ட் வந்தால் எல்லாரும் போனைச் சார்ஜில போட்டு வைப்பினம். சனம் ஏரிப்பக்கக் கொட்டேஜுக்கு ஓடும், 401 ஹைவே நிரம்பும், விபத்து நடக்கும், ஆருக்காவது கோல் வரும். வாய் விட்டுச் சொல்லமாட்டினம், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிப்பினம். வைகாசி லோங் வீக்கென்டுக்கு முதல் வெள்ளி, காருக்குள்ள நான் வாய் விட்டே சொல்லிப்போட்டன்: "பார்ப்பம், இந்த முறை எங்கட கோல் வருதோ எண்டு."

பின் சீற்றில இருந்து பெஹன்ஜி மெதுவாக் கேட்டா. "எந்த வீட்டுப் பிள்ளையைக் கேக்கிறியள், அக்கா?"

எனக்குச் சுள்ளெண்டு ஏறிச்சு. "உங்கட மனுசனுக்கும் அதே கிட்னி தானே வேணும்? உங்களுக்கு மட்டும் வானத்தில இருந்து விழுமோ?"

"அது தான் எனக்கும் கேக்கத் தெரியேல்லை," எண்டா. "எல்லாருக்கும் நல்லது எண்டு மட்டும் கேட்டிட்டு வாறன்."

அதுக்குப் பிறகு வீடு வரைக்கும் அவ எனக்குச் சிவப்பும் பச்சையும் காட்டேல்லை.

செவ்வாய்க்கிழமை காலமை பத்து மணி இருக்கும். நான் குசினியில விளைமீன் வெட்டிக்கொண்டிருந்தன். கதவில இடி. திறந்தால் பெஹன்ஜி. ஒரு காலில சப்பாத்து, மற்றக் காலில பாத்ரூம் செருப்பு.

"அக்கா, கோல் வந்திட்டுது. என்ர ஆளுக்கு. ரெண்டு மணித்தியாலத்தில ஹொஸ்பிற்றலில நிக்கவேணுமாம்."

"ஆண்டவருக்குத் தோத்திரம்," எண்டு என்ர வாய் சொல்லிச்சு. வாய் மட்டும் தான். உள்ளுக்குள்ள ஆரோ என்ர நெஞ்சில மிதிச்ச மாதிரி. கை முழுக்க மீன் செதில். இவர் சோஃபாவில இருந்து எழும்பி, "நிண்டு பார்க்கிறீர், கார்த் திறப்பை எடும்," எண்டார். அவரின்ர முகத்தை நான் பார்க்கேல்லை.

ஆக, என்ர மனுசனுக்கு எண்டு நான் கேட்ட கிட்னிக்கு, பாஜியை என்ர காரில, என்ர கையால ஓடிக் கொண்டுபோனன். டி.வி.பி. ஹைவே முழுக்க ட்ராஃபிக். டவுன்டவுன் ஹொஸ்பிற்றல் வாசலில இறங்கினாப் பிறகு பாஜி ஜன்னலுக்குள்ளால குனிஞ்சு, "அடுத்தது உங்கட ஆள்," எண்டார். கண் கலங்கியிருந்துது. நான் தலையை ஆட்டினன்.

அவை உள்ள போன பிறகு எனக்கு ஒரு யோசனை வந்துது. செத்த ஆளுக்கு ரெண்டு கிட்னி தானே? ஒண்டு பாஜிக்கு. மற்றது எங்க? இரத்தம் ஒண்டு, லிஸ்ட் ஒண்டு. கார்ப் பார்க்கிங்கில ஸ்டியரிங்குக்கு மேல போனை வைச்சுக்கொண்டு இருந்தன். ஒரு மணித்தியாலம், ரெண்டு மணித்தியாலம். ஒருக்கா அடிச்சுது. பாய்ஞ்சு எடுத்தால், வீட்டு ஹீற்றர்க் குழாய் கழுவோணுமோ எண்டு ஒரு விளம்பரக்காரன் கேக்கிறான். அவனுக்கு நான் தமிழில குடுத்த பேச்சு அவன்ர ஏழு தலைமுறைக்கும் காணும். பிறகு ஸ்டியரிங்கில தலையை வைச்சு அழுதன். மற்றக் கிட்னி வேற ஆருக்கோ போயிட்டுது.

வீட்டை வந்து வெள்ளிக் கஜுவை எடுத்துச் சுவரில எறிஞ்சன். இவர் குனிஞ்சு தேடி எடுத்து, ஃபிரிட்ஜுக்கு மேல வைச்சார்.

அதுக்குப் பிறகு பெஹன்ஜியின்ர முகத்தில முழிக்க எனக்கு மனமில்லை. எலிவேற்றர் அஞ்சாம் மாடியில நிண்டால் போனுக்குள்ள தலையை விட்டுக்கொள்ளுவன், இல்லாட்டிக் கதவு மூடுற பட்டனை அமத்துவன். இவருக்கோ ஒரு குறையும் இல்லை. பாஜி இவருக்கு ஊசி ஏத்துற நேரம் பார்த்துச் சரியாப் போன் பண்ணுவார். அந்த ஊசி எவ்வளவு நோகும் எண்டு அவருக்குத் தெரியும் தானே. ரெண்டு கிழவரும் கிரிக்கெட்டைப் பற்றிச் சண்டை பிடிக்க, நேர்ஸ் அந்தச் சந்தடியில ஏத்தி முடிச்சிடும். பக்கத்து மெசினுக்குப் புது ஆள் ஒண்டு வந்திட்டுது.

ஒரு நாள் கடும் மழை. லோரன்ஸ் அவெனியூ பஸ் ஸ்ரொப்பில பெஹன்ஜி நிக்கிறா, குடை இல்லை, கையில பாஜியின்ர மருந்துப் பை. நான் பிரேக்கில காலை வைச்சன். வைச்ச காலை எடுத்திட்டன். கண்ணாடிக்குள்ளால அவ சின்னதாகிக்கொண்டு போனது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. அதை நினைச்சால் இண்டைக்கும் வெக்கமாக் கிடக்கு.

அடுத்த நாள் கதவில தட்டு. பெஹன்ஜி தான், கையில ஒரு சட்டி பருப்பு.

"அக்கா, கோவம் என்னிலயோ, கடவுளிலயோ? என்னில எண்டால் சட்டியைத் தந்திட்டுப் போறன். கடவுளில எண்டால் உள்ள வந்து தேத்தண்ணி குடிக்கிறன்."

"ரெண்டு பேரிலயும் தான்," எண்டன்.

"அப்ப அரைக் கோப்பை," எண்டு சொல்லிக்கொண்டு உள்ள வந்து இருந்திட்டா. மழையில நான் அவவை விட்டுட்டுப் போனதைப் பற்றி ஒரு சொல் இல்லை. என்ர காரை அவ கண்டவ. நானாத் தான், "நேற்று உங்களைக் கண்டனான்," எண்டன். "தெரியும்," எண்டா. "ஹெட்லைட் போடாமல் ஓடினியள். மழைக்குள்ள போடவேணும்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்டா வந்துது. பிறகு கேட்டன்: "பாஜிக்குக் குடுத்தது கடவுளெண்டால், எங்களுக்குத் தராமல் விட்டதும் அவர் தானே?"

"ஓம்," எண்டா. சுத்தி வளைக்கேல்லை.

"அதுக்கும் நான் நன்றி சொல்லவேணுமோ?"

"ஏலுமெண்டால் சொல்லுங்கோ. ஏலாட்டிப் பேசுங்கோ. அவர் பேச்சு வாங்காத ஆளே?"

ஆவணி கடைசியில தான் டொக்டர்மார் பாஜியைச் சனத்துக்குள்ள போக விட்டினம். நன்றி சொல்ல ஒரு அர்தாஸ் வைச்சினம், எங்களையும் வரச்சொல்லி. பாஜி முகத்தில மாஸ்க் போட்டுக்கொண்டு ஒரு மூலையில இருந்தார். இவர் பக்கத்தில போய்க் குந்தினார். அர்தாஸுக்கு முதல், கேக்கிறதுக்கு ஏதும் இருக்கிறவை கிரந்தியிட்டப் போய்ச் சொல்லுறது வழக்கம். பெஹன்ஜி என்னையும் இழுத்துக்கொண்டு போனா. பாஜிக்காக நன்றி எண்டு சொன்னா. பிறகு இவரின்ர நீட்டுப் பேரை, ஒரு எழுத்தும் தேயாமல், நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் குடுத்தா. எப்ப பாடமாக்கினாவோ தெரியாது. பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் கேளுங்கோ. முடியை மட்டும் கொண்டுவராதேங்கோ," எண்டு காதுக்குள்ள சொன்னா.

என்ன கேக்கிறது? இவரின்ர பேரை அவ சொல்லிப்போட்டா. அப்ப தான் அந்தக் கார்ப் பார்க்கிங் ஞாபகம் வந்துது. ரெண்டு கிட்னி, ரெண்டு கிட்னி எண்டு எண்ணிக்கொண்டிருந்தனே ஒழிய, அந்த ரெண்டும் இருந்த ஆளை நான் ஒருக்காலும் நினைச்சுப் பார்க்கேல்லை. அண்டைக்குக் காலமை ஏதோ ஒரு வீட்டிலயும் போன் அடிச்சிருக்கும் தானே.

"கிட்னி தந்த ஆளுக்கு," எண்டன்.

கிரந்தி நிமிர்ந்து பார்த்தார். "பேர்?"

"தெரியாது."

"ஆணோ, பெண்ணோ?"

"தெரியாது. சொல்ல மாட்டினம்."

பெஹன்ஜி என்னைத் திரும்பிப் பார்த்தா. "எனக்கு," எண்டு தொடங்கினா. "மூண்டு மாசம், அக்கா. எனக்கு ஒரு நாளும்," எண்டு சொல்லி, சால்வையால முகத்தை மூடிக்கொண்டா. எந்த வீட்டுப் பிள்ளை எண்டு என்னைக் கேட்ட மனுசி. சந்தோசத்தில அவவும் அதை மறந்துபோனா.

எல்லாரும் எழும்பி நிண்டினம். கிரந்தி சொல்லிக்கொண்டே வந்தார். பாஜியின்ர பேர் வந்துது, இவரின்ர பேர் வந்துது. அதுக்குப் பிறகு, இன்னொரு பேர் வரவேண்டிய இடத்தில, அவர் ஒரு மூச்சு எடுக்கிற நேரம் சும்மா நிண்டார். பாஜி மூலையில சட்டைக்கு மேலால வலப்பக்க அடிவயிற்றில கையை வைச்சுக்கொண்டு நிண்டார். அந்தக் கை அர்தாஸ் முடியும் வரைக்கும் எடுபடேல்லை.

கீழ வந்து நானும் பெஹன்ஜியும் தட்டுக் கழுவினம். அவ சோப்புக் கையால கண்ணைத் துடைச்சு, எரிஞ்சு, "இதுக்கு என்ன நேர்ந்தனீங்கள்?" எண்டு கேட்டா.

"ஒண்டும் இல்லை," எண்டன்.

"பரவாயில்லை, குணமாகிக்கொண்டு வாறியள்," எண்டா.

வெள்ளிக் கஜுவை அந்தக் கிழமையே அந்தோனியாரிட்டக் குடுத்திட்டன். கிட்னி வந்தது உண்மை தானே. ஆருக்கு வரவேணும் எண்டு நான் அவருக்கு எழுத்தில குடுக்கேல்லை.

அடுத்த கிழமை செப்டெம்பர் லோங் வீக்கென்ட். வெள்ளி பின்னேரம் பல்கனியில நிண்டு பார்த்தால் ரோட்டு முழுக்க கார், மேல சைக்கிள் கட்டி, பின்னால படகு இழுத்துக்கொண்டு. ரெண்டு மூண்டில பிள்ளையளின்ர கால் ஜன்னலில தெரிஞ்சுது. நான் உள்ள போய் முழங்காலில இருந்தன். வழக்கம் போல இவரின்ர பேரைத் தான் எடுக்கப் போனன். நாக்கு வரேல்லை. "இந்தச் சனம் எல்லாம் சுகமா வீட்டை போய்ச் சேரட்டும்," எண்டன். கொதிக்கிற எண்ணெய்க்குள்ள கை விட்ட மாதிரி இருந்தது. நான் என்ன கேக்கிறன் எண்டு எனக்கு நல்லாத் தெரியும். கேட்டு முடிய, இவர் கதவடியில நிக்கிறார். எவ்வளவு நேரமா நிண்டாரோ தெரியாது. திரும்பிப் போயிட்டார்.

சனி, ஞாயிறு, திங்கள் போச்சு. செவ்வாய் காலமை இவர் கட்டிலில எழும்பி இருந்து, பின்னிக் கட்டாத என்ர தலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன் அடிச்சதோ?"

"இல்லை," எண்டன்.

"அப்ப எல்லாரும் வீட்டை போய்ச் சேர்ந்திட்டினம்," எண்டார். "நல்லது. தேத்தண்ணியைப் போடும்."